கடல் தாண்டும் முன் ஒரு சுற்று

மும்பைத் தமிழர்களில் பலருக்கு இந்தியா என்பது ஒரே ஒரு ரெயில் பாதைதான். தாதரில் ஏறினால் சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல். அப்புறம் ஊர். கோவில் கொடைக்கு ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை, தந்தி வந்த காலத்தில் சாவுக்கு அடித்துப் பிடித்து ஒரு தடவை. கல்யாண் ஜங்ஷனில் வடக்கே பிரிகிற தண்டவாளம் எங்கே போகிறது என்று யாரும் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவரும் அப்படித்தான் இருந்தார். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். மில் வேலையை நம்பி 1982-ல் மும்பைக்கு வந்தார். வந்து இறங்கியபோது மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் எப்படி முடிந்தது என்பது மும்பைக்காரர்களுக்குத் தெரியும். அண்ணாச்சி மில் வாசலை மிதிக்காமலே தாராவியில் ஒரு தோல் பொருள் கடையில் கணக்கு எழுத உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது தலை நரைத்திருந்தது.

மகள் கனடாவில் இருக்கிறாள். அப்பா, அம்மா இருவருக்கும் அங்கேயே குடியிருக்க அனுமதி வாங்கிவிட்டாள். இனி அங்கேதான்.

ஒரு நாள் என் கவுண்ட்டருக்கு வந்தார்.

"தம்பி, நாட்டை ஒரு சுத்து சுத்தி வர ஒரே டிக்கெட்டு உண்டுமா? போகுமுன்னே பாத்துருவோம்னு ஒரு ஆசை."

உண்டு என்றேன்.

எட்டு ஊர்

வட்டப் பயண டிக்கெட் என்பது ரெயில்வேயில் பழைய ஏற்பாடு. புறப்பட்ட நிலையத்திலேயே பயணம் முடிய வேண்டும். வழியில் எட்டு இடங்களில் இறங்கித் தங்கலாம். மொத்த தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு தனிப் பயணமாகக் கணக்கிட்டுக் கட்டணம் போடுவார்கள். தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறையும். ஆகவே ஊர் ஊராகத் தனி டிக்கெட் எடுப்பதைவிட இது லாபம். எந்த எந்த ஊர் என்று எழுதி, கோட்ட வர்த்தக மேலாளர் அலுவலகத்தில் கொடுத்துக் கணக்கு போட்டு வாங்க வேண்டும். படுக்கை வசதியை மட்டும் ஒவ்வொரு வண்டிக்கும் தனியே முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால் முழுக் கட்டணம்தான். அண்ணாச்சி அதற்குக் கணக்குப் பார்க்கவில்லை. எட்டு ஊர்தானா என்று மட்டும் கேட்டார். அவர் எழுதி வந்த பட்டியலில் பதினேழு ஊர் இருந்தது!

என் மேஜையிலேயே உட்கார்ந்து அடித்தார். அடிக்க அடிக்க முகம் வாடியது. கடைசியில் ஆக்ரா, டெல்லி, வாரணாசி, ஹவுரா, புவனேசுவரம், சென்னை, திருநெல்வேலி, நாகர்கோவில் நின்றன. குர்லா டெர்மினசில் தொடங்கிக் கொங்கண் பாதை வழியாக அங்கேயே திரும்புவது. ஏறக்குறைய 7 ஆயிரம் கிலோமீட்டர்.

"அமிர்தசரசை அடிச்சதுதான் கஷ்டமா இருக்கு" என்றார். அங்கே அவருக்கு யாரும் இல்லை. கடைக்கு லுதியானா வியாபாரி ஒருவர் வருவாராம். பொற்கோவிலைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லி ஆசை வந்ததாம்.

வெள்ளிக்கிழமை

ஆக்ராவில் இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. இதை நான் சொல்லியிருக்க வேண்டும். வண்டி நேரம் பார்த்த நான் கிழமை பார்க்கவில்லை. மறுநாள் டெல்லி வண்டிக்கு அதிகாலையிலேயே முன்பதிவு. யமுனைக்கு அக்கரையில் மெகதாப் பாக் தோட்டத்துக்கு ஆட்டோவில் போய், ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார்கள்.

"நல்லவேளை, தூரத்துலேருந்து பாத்தோம். கூட்டம் இல்லை" என்று அக்கா என்னிடம் சொன்னார். என் மனம் கோணக்கூடாது என்று சொன்னதுதான்.

காசியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. ஹவுரா வண்டியில் இடம் கிடைக்கவில்லை. தங்கியது நகரத்தார் சத்திரத்தில். காலையில் இட்லி, பக்கத்துப் பாயில் காரைக்குடிக்காரர்கள். அனுமான் கட்டத்தில் பாரதியார் இளமையில் வாழ்ந்த வீட்டைப் பார்த்தார்கள். அண்ணாச்சி கங்கையில் முங்கி எழுந்து, அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் செய்தார். ஊரில் செய்யாமல் விட்டுப்போன வருஷங்களை விரல் விட்டு எண்ணினாராம். இரண்டு கையும் போதவில்லை.

கல்கத்தாவில் டிராமில் ஏறியது, புவனேசுவரத்திலிருந்து பஸ்சில் பூரி போனது, சென்னை சென்டிரலில் இறங்கி மூட்டையோடு எழும்பூர் போனது எல்லாம் விவரமாகச் சொன்னார். எழுத இடமில்லை.

சொந்த ஊரில் லாட்ஜ்

திருநெல்வேலிக்கு வந்ததும் அவர் குரல் மாறியது.

"இத்தனை வருசத்துல ஜங்ஷனில் இறங்கினா நேரே ஊர் பஸ்தான் தம்பி. முதல் தடவையா லாட்ஜில் ரூம் போட்டேன். ரிஜிஸ்தரில் ஊர் என்னன்னு கேட்டான். மும்பைன்னு எழுதினேன்."

ஊரில் இருந்த வீட்டை மகள் படிப்புக்காக விற்றது அவர்தான். மறுநாள் பஸ் பிடித்துப் போய்த் தெரு முனையில் நின்றார்கள். உள்ளே போக வேண்டாம் என்பது அண்ணாச்சியின் எண்ணம். அக்கா கேட்கவில்லை. நேரே போய்க் கதவைத் தட்டிவிட்டார். வாங்கியவரின் மனைவி யார் என்று தெரிந்துகொண்டு, சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்கார வைத்திருக்கிறார். அடுப்பங்கரையில் அண்ணாச்சியின் தாயார் பதித்த ஆட்டுக்கல் அப்படியே இருந்ததாம். மேலே மிக்சியை வைத்திருந்தார்களாம்.

"சோறு எறங்கல" என்றார் அண்ணாச்சி.

"ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாவ" என்றார் அக்கா.

திரும்பும்போது தாமிரபரணியில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு, மும்பைக்குக் கொண்டுபோய் வைப்பது என்று பைக்குள் பத்திரப்படுத்தினார்கள். அன்று நல்ல வெயில். நாகர்கோவில் வண்டி வள்ளியூர் தாண்டுவதற்குள் குடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்தில் வண்டி மாறிக் கொங்கண் பாதையில் வந்தார்கள். 1998-ல் முழுதாகத் திறந்த பாதை. சுரங்கத்துக்குச் சுரங்கம் விளக்கு எரிய, அண்ணாச்சி ஜன்னலை விட்டு நகரவில்லையாம்.

குர்லாவில் இறங்கிய மறுநாள் என்னைப் பார்க்க வந்தார்கள். எனக்கு ஒரு பொட்டலம் கருப்பட்டி. அடுத்த வாரம் விமானம்.

"டிக்கெட்டை கேட்டுல கேக்கல தம்பி. வச்சுக்கிடலாமா?"

பயணம் முடிந்த டிக்கெட், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய பட்டியலை எடுத்தார். அடித்துப் போட்ட ஊர்கள். அமிர்தசரசுக்கு நேரே விரலை வைத்து, "நீ போகலைல்லா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். ரெயில்வேயில் எனக்குப் பாஸ் உண்டு. வருஷா வருஷம் அதில் நான் எழுதிக் கொடுப்பது தூத்துக்குடிதான்.