சோதிக்கப்பட வேண்டியது இயந்திரம் மட்டுமா?

தியாகராய நகரில் பட்டுச் சேலை வாங்குவோர், கடையின் விளக்கொளியில் பார்த்த நிறத்தை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் மீண்டும் ஒருமுறை பார்ப்பதுண்டு. பல நூறு கோடி ரூபாயில் வாங்கப்படும் போர்க்கருவிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பயன்படுத்தப்போகும் இடத்தில், பயன்படுத்தப்போகும் மனிதரின் கையில் அவை எப்படி இயங்கும் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடிய நீண்ட வரலாறு ஒன்று சென்னையை அடுத்த ஆவடியில் இருக்கிறது. அங்குள்ள போர் ஊர்திகள் ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974-இல் மத்திய அரசு ரூ.15.50 கோடி ஒதுக்கியது. வடிவமைப்புச் செலவு இறுதியில் ரூ.305.60 கோடியை எட்டியது. முதல் தொகுதி ராணுவத்தை அடைந்தது 2004-இல்தான். இடைப்பட்ட 30 ஆண்டுகளில் ராணுவத்தின் தேவைப் பட்டியல் திருத்தப்பட்டது. பாலைவனச் சோதனைகளில் குறைகள் வெளிப்பட்டன. அவை களையப்பட்டு மீண்டும் சோதனைகள் நடந்தன.

இதற்கிடையே ரஷியாவின் டி-90 டாங்கி வாங்கப்பட்டது. ஆனால், இரவிலும் இலக்கைக் காட்டும் அதன் வெப்பப்படக் கருவிகள் ராஜஸ்தான் வெயிலில் பழுதடைந்தன. வேறொரு நாட்டில் தேறியது இங்கும் தேறியதாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று. 2010-இல் இரு டாங்கிகளும் ஒரே மண்ணில் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. அதே ஆண்டு, மேலும் 124 அர்ஜுன் டாங்கிகள் வாங்க முடிவாயிற்று. மேம்படுத்தப்பட்ட 118 டாங்கிகளுக்கு 2021-இல் ரூ.7,523 கோடி மதிப்பில் ஆவடி தொழிற்சாலைக்கு ஆணை வழங்கப்பட்டது.

இச்சோதனைகளில் எளிதில் மறக்கப்படுபவர் உள்ளே அமர்ந்திருக்கும் வீரர். டி-90-இல் மூவர், குண்டை இயந்திரமே நிரப்பும். அர்ஜுனில் நால்வர், குண்டை ஒருவர் கையால் தூக்கி நிரப்ப வேண்டும். அப்படியானால், நிமிடத்துக்கு எத்தனை குண்டுகள் என்ற கணக்கு பீரங்கியின் திறன் மட்டுமன்று. அந்த மனிதரின் திறனும் ஆகும். குளிர்ந்த காலையில், ஓய்வெடுத்த தேர்ந்த வீரரிடம் கிடைக்கும் எண்ணிக்கை வேறு. கொதிக்கும் இரும்பு அறைக்குள், இரைச்சலிலும் அதிர்விலும், உறக்கமற்ற இரவுக்குப் பிறகு கிடைப்பது வேறு. கையுறை அணிந்த விரல் சரியான பொத்தானைத் தொடுகிறதா, பதற்றத்தில் எச்சரிக்கை விளக்கு கண்ணில் படுகிறதா என்பவையும் அளக்கப்பட வேண்டியவையே.

பொருளியல் பார்வையில், சோதனை என்பது தகவலுக்குக் கொடுக்கும் விலை. வரைபடத்தில் தெரியவரும் பிழையைத் திருத்த ஆகும் செலவு குறைவு. உற்பத்திக்குப் பின் அது பன்மடங்காகும். போர்க்களத்தில் உயிரே விலையாகும். எனவே, தொடக்கத்திலேயே தோல்வியைக் காட்டிக்கொடுக்கும் சோதனை வீண்செலவன்று.

ஆனால், அச்சோதனையை நடத்துபவர் யார்? உருவாக்கியவருக்குத் தம் படைப்பு தேற வேண்டும் என்ற விருப்பம் இருக்கும். வாங்குபவருக்கும் தமக்கென விருப்பு வெறுப்புகள் இருக்கலாம். இதை உணர்ந்தே அமெரிக்க நாடாளுமன்றம் 1983-இல், களச் சோதனைகளை மேற்பார்வையிடத் தனி அலுவலகம் ஒன்றைச் சட்டப்படி அமைத்தது. இரு ஆண்டுகளில், 'சார்ஜண்ட் யார்க்' எனும் விமான எதிர்ப்புப் பீரங்கித் திட்டம், சோதனைகளில் எதிர்பார்த்த திறனைக் காட்டாததால், சுமார் 180 கோடி டாலர் செலவான பின்னரும் கைவிடப்பட்டது. போட்ட பணத்துக்காக மேலும் பணம் போடக் கூடாது என்ற பாடம் அங்கே நடைமுறையானது.

நம் நாட்டில் 2020-இல் ரூ.400 கோடியில் பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்கீழ் ஆளில்லா விமானங்கள், மின்னணுப் போர்முறை, மின்ஒளியியல் ஆகியவற்றுக்கான சோதனை மையங்களைத் தமிழகத்தில் அமைக்க 2024-இல் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. வரவேற்க வேண்டிய முயற்சி இது. ஆனால், கட்டடமும் கருவிகளும் மட்டும் போதா. உருவாக்குபவர், வாங்குபவர் இருவரையும் சாராத மதிப்பீட்டாளர்கள் வேண்டும். சாதாரண வீரர்களைக் கொண்டு சோதிக்கும் முறை வேண்டும். ரகசியம் காக்க வேண்டியவை நீங்கலாக, முடிவுகளின் சுருக்கம் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

களத்தில் எதிரி நடத்தும் சோதனைக்கு மறுதேர்வு கிடையாது. அதற்கு முந்தைய தேர்வுகளை நாமே நேர்மையாகவும் கடுமையாகவும் நடத்திக்கொள்வதுதான் வீரர்களுக்கும் வரி செலுத்துவோருக்கும் அரசு ஆற்ற வேண்டிய கடமை.