கழற்றிய உதிரியைக் கையில் கொடுங்கள்

ஊரில் புதிதாகத் திறக்கும் ஜவுளிக்கடை கூகுளில் காசு கட்டி விளம்பரம் செய்யலாம். பல் மருத்துவர் செய்யலாம், டியூஷன் சென்டர் செய்யலாம். 'கம்ப்யூட்டரில் வைரஸா? இன்டர்நெட் வரவில்லையா? நாங்கள் சரிசெய்து தருகிறோம்' என்று ஒரு சர்வீஸ் கடைக்காரர் போனால் மட்டும் அந்தக் கதவு திறக்காது. கம்ப்யூட்டரையோ மென்பொருளையோ தயாரித்த நிறுவனம் தவிர வேறு யாரும் இத்தகைய உதவிக்கு விளம்பரம் செய்வதை 2018 ஆகஸ்ட்டில் அறிவித்த கட்டுப்பாட்டின் மூலம் கூகுள் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுதளம் 2016-லேயே இதே முடிவை எடுத்திருந்தது.

காரணம் மோசடி. திரையில் திடீரென்று சிவப்பு எச்சரிக்கை தோன்றும். உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று சொல்லும். அழைத்தால், பேசுகிறவர் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் வங்கிக் கணக்கு காலி. எனிடெஸ்க் செயலியைப் பயன்படுத்தி நடக்கும் திருட்டு பற்றி 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்க வேண்டியிருந்தது. இந்தக் கும்பல்கள் விளம்பரம் மூலமாகவும் ஆள் பிடித்தன. எது நேர்மையான கடை, எது திருட்டுக் கும்பல் என்று பிரித்தறிவது கஷ்டமாகிப் போனதால் கூகுள் எல்லோருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியது. கோவில்பட்டியிலோ கும்பகோணத்திலோ பத்துக்குப் பத்து அறையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருப்பவரும் அதில் மாட்டிக்கொண்டார்.

இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், சிறிய சர்வீஸ் கடையை வளர்க்க நினைப்பவர் எங்கே தொடங்க வேண்டும் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஊர் தன்னை நம்புவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்க முடியும். நோட்டீஸ், போர்டு, ரீல்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

லேப்டாப்பைக் கடையில் விட்டுவிட்டு வீடு திரும்புகிறவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நல்ல ரேமைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுவார்களோ, எவ்வளவு கேட்பார்களோ என்ற கவலை ஒரு பக்கம். குடும்பப் படங்களும் பேங்க் பாஸ்வேர்டும் அதற்குள்ளேயே இருக்கின்றனவே என்ற பயம் இன்னொரு பக்கம். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 2008-ல் ஹாங்காங்கையே உலுக்கிய நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள், அவர் பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப்பிலிருந்துதான் வெளியே போயின. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆடியோ டிரைவரை மட்டும் முடக்கிய லேப்டாப்புகளைச் சர்வீஸ் கடைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். அதைச் சரிசெய்ய யாருடைய ஃபைலையும் திறக்கத் தேவையில்லை. ஆனாலும் சில கடைகளில் படங்களைத் திறந்து பார்த்திருந்தார்கள். நகல் எடுத்ததும் உண்டு. பெண்களின் பெயரில் கொடுத்த கருவிகளில்தான் இது அதிகம். 2022-ல் அந்த ஆய்வு வெளியானது.

நம் ஊர்க் கடை ஒன்று இந்தப் பயத்தை நேரடியாக எடுத்துப் பேசினால், அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது என்று நினைக்கிறேன். வாங்கும்போதே ஒரு ஜாப் ஷீட் எழுதுங்கள். மாடல், சீரியல் நம்பர், ரேம் எத்தனை ஜிபி, ஹார்டு டிஸ்க்கின் சீரியல் நம்பர், மூடியில் ஏற்கெனவே இருக்கும் கீறல், சார்ஜர் கொடுத்தாரா இல்லையா எல்லாம் அதில் வரட்டும். எழுதியதை வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்குப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். டிஸ்ப்ளே மாற்றுவதற்கும் கீபோர்டு மாற்றுவதற்கும் பாஸ்வேர்டு எதற்கு? கேட்காதீர்கள். 'இந்த வேலைக்கு உங்கள் பாஸ்வேர்டு வேண்டாம்மா' என்று ஒரு பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். அன்று மாலையே அவர் அதைத் தன் அக்காவிடம் சொல்லியிருப்பார். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய உதிரியை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுங்கள். நல்ல கார் மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்துவருவதுதான் இது. கழற்றியது ஹார்டு டிஸ்க் என்றால், அது இனி யாருக்கும் பயன்படாவிட்டாலும், அவருடைய போட்டோக்கள் அதில்தானே இருக்கின்றன.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். 'ஓஎஸ் போட்டுத் தருகிறோம்' என்று சொல்லி கிராக் விண்டோஸ் ஏற்றுவது இந்தத் தொழிலின் பழைய நோய். ஆக்டிவேட் செய்ய ஓட்டும் அந்தச் சின்ன ஃபைலோடு என்னென்ன சேர்ந்து உள்ளே போகிறது என்று ஏற்றுகிறவருக்கே தெரியாது. இதில் வருத்தமான விஷயம், பல லேப்டாப்புகளுக்கு அது தேவையே இல்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்புகளில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதே பதிப்பை இறக்கி ஏற்றினால், நெட் இணைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஒரிஜினல் லைசென்ஸ் கைவசம் வைத்திருக்கும் ஒருவருக்கு, அதன் மேல் திருட்டுப் பதிப்பை ஏற்றிக் காசும் வாங்குவது எவ்வளவு பெரிய கொடுமை! 'உங்களிடம் ஏற்கெனவே ஒரிஜினல் இருக்கிறது சார், ஏற்றுகிற கூலி மட்டும் கொடுங்கள்' என்று சொல்லும் கடைக்கு அடுத்த முறையும் அவர் வருவார்.

இந்த நேரத்தில் ஊருக்கு இப்படிப்பட்ட கடை அவசரமாகத் தேவைப்படுகிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். 2017-க்கு முன் வாங்கியவற்றில் அநேகமாக எல்லாமே இதில் தோற்றுவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தூக்கிப் போடுவதா, வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு குழப்பம். தனி நபர்கள் பதிவுசெய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்டுகள் மேலும் ஓராண்டு, 2026 அக்டோபர் வரை கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாம். ஆனால், எதிர்கால அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். லெட்டர் அடிக்கவும் படம் பார்க்கவும் மட்டுமே என்றால் லினக்ஸ் மின்ட் போதும். யாருக்கு எது பொருந்தும் என்று பதினைந்து நிமிடம் உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தை இலவசமாகக் கொடுக்கும் கடை, அடுத்த ஐந்து வருடத்துக்கு அந்தக் குடும்பத்தின் கடை.

கடைக்கு வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதைவிட, கம்ப்யூட்டர் நின்றால் பிழைப்பே நின்றுவிடும் இடங்களைத் தேடிப் போவது நல்லது. டிடிபி சென்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கர் 7 இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். பாமினி எழுத்துருவிலும் வானவில்லிலும் பத்துப் பதினைந்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் நோட்டீஸ்களும் சேர்ந்து கிடக்கும். விண்டோஸை மாற்றிவிட்டு அந்த எழுத்துருக்களை ஏற்றாவிட்டால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்து போனில் பேசும் சர்வீஸ் ஆளுக்கு பாமினி என்றால் என்னவென்றே தெரியாது. நம் கடைக்காரருக்குத் தெரியும். இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவி வேலை செய்யாவிட்டால் வாசலில் நிற்கும் முதியவர்கள் திரும்பிப் போக வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் ஜூலை மாதக் கடைசியில் டேலி இருக்கும் மெஷின் படுத்துவிட்டால் அது நெருக்கடி. மளிகை மொத்தக் கடையில் பில் அடிக்கும் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் ஹெட் பின் உடைந்தால் கல்லாவே ஸ்தம்பிக்கும். இவர்கள் யாரும் சர்வீஸ் சார்ஜில் நூறு ரூபாய் குறையுமா என்று பார்ப்பதில்லை. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றுதான் கேட்பார்கள். வருட ஒப்பந்தம் போட ஏற்ற வாடிக்கையாளர்கள் இவர்களே. வேலை முடிகிற வரைக்கும் மாற்றுக்கு ஒரு பழைய மெஷினைக் கொண்டுபோய் வைக்க முடிந்தால் அந்த ஒப்பந்தம் வேறெங்கும் போகாது.

நம் நாள்காட்டியும் இந்தத் தொழிலுக்கு ஒத்தாசை. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு அலுவலகமும் ஒட்டடை அடிக்கிறது. சிபியுவுக்குப் பொட்டு வைப்பதற்கு முன், அதைத் திறந்து புளோயரால் தூசி தட்டி, பிராசஸரில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றித் தருகிறோம் என்று போனால் யார் வேண்டாம் என்பார்கள்? அதையொட்டியே வடகிழக்குப் பருவமழை. இடி இடித்தால் நெட் கேபிள் வழியாகவும் மின்சாரம் பாய்ந்து லேன் போர்ட்டைக் கொண்டுபோய்விடும். மழை தொடங்கும் முன்பே 'இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, நெட் வயரையும் கழற்றுங்கள்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடும் கடைக்காரரை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் முறை வந்தபின் அதை வீட்டிலிருந்தே செய்யலாம். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, அதைச் சொல்லிக்கொடுத்து, கூடவே போலி கஸ்டமர் கேர் எண்கள் எப்படி ஏமாற்றுகின்றன, பணம் போனால் 1930 என்ற உதவி எண்ணுக்கு எப்படிப் புகார் சொல்வது என்று விளக்கிவிட்டு வரலாம். கடையின் பெயரைக் கடைசியில் ஒருமுறை சொன்னால் போதும். ஜனவரியில் சிவகாசி தினசரி காலண்டரில் கடை எண் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கமும் நல்ல வழக்கம்தான். வருடம் முழுவதும் அது சுவரில் தொங்குகிறது.

கைத்திறனைக் காட்டத் தயங்குகிறவர்கள் நம்மவர்கள். அது எனக்குப் பெரிய ஆதங்கம். 'மதர்போர்டு போச்சு, மாற்ற வேண்டும்' என்று கம்பெனி சர்வீஸ் சென்டர் கைவிட்ட லேப்டாப்பை சிப் லெவல் தெரிந்த ஒருவர் மேசையில் வைக்கிறார். மல்டிமீட்டரில் 19 வோல்ட் லைனில் ஷார்ட் காட்டுகிறது. போர்டில் ஆல்கஹால் தடவி, குறைந்த வோல்டேஜ் கொடுத்துப் பார்க்கிறார். எங்கே முதலில் காய்கிறதோ அங்கேதான் கோளாறு. கடுகளவுகூட இல்லாத ஒரு கெபாசிட்டர். ஹாட் ஏரில் அதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்ததும் போர்டுக்கு உயிர் வருகிறது. உதிரியின் விலை சில ரூபாய். கூலி அவருடைய பல வருட அறிவுக்கு. இதை மொபைலில் ஒரு நிமிடம் படமெடுத்துப் போட்டால் பார்க்கிறவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்களா? நியூயார்க்கில் மேக்புக் பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருந்த லூயிஸ் ராஸ்மன் இதைத்தான் செய்தார். போர்டு வேலைகளை ஒளிவுமறைவில்லாமல் யூடியூபில் கற்றுக்கொடுத்தார். தொழில் ரகசியம் போய்விடும் என்று அவர் பயப்படவில்லை. பார்த்தவர்கள் தங்கள் மெஷின்களை அவருக்கே பார்சல் அனுப்பினார்கள். பிறகு கடையை டெக்சாஸுக்கு மாற்றினார். பழுதுபார்க்கும் உரிமைக்காகப் போராடும் முக்கியமான குரல்களில் ஒருவரானார். அந்த உரிமைக்காக நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் தனி இணையதளம் தொடங்கியிருக்கிறது. என்றாலும், போர்டின் வரைபடத்தை நிறுவனங்களிடம் கேட்டு வாங்கும் நிலை இன்னும் நம் கடைக்காரர்களுக்கு வரவில்லை. சென்னை ரிச்சி தெருவில் உதிரி தேடி, வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவருக்கொருவர் விவரம் கேட்டுத்தான் அவர்கள் வேலை செய்கிறார்கள்.

காசு கட்டி விளம்பரம் செய்ய முடியாவிட்டாலும், கூகுள் மேப்பில் கடையை இலவசமாகப் பதிவு செய்யலாம். பலர் பதிவு செய்ததோடு விட்டுவிடுகிறார்கள். மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவீர்கள், ஞாயிறு உண்டா, சிப் லெவல் பார்ப்பீர்களா, பிரிண்டர் பார்ப்பீர்களா என்று தமிழிலேயே எழுதுங்கள். கடை முகப்பின் படம் தெளிவாக இருக்கட்டும். பக்கத்து டீக்கடையோ மருந்துக்கடையோ படத்தில் தெரிந்தால் வருகிறவருக்கு அடையாளம். யாராவது குறை எழுதினால் சண்டைக்குப் போகாமல் பதில் போடுங்கள். நல்லதாக எழுதச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். வேலை முடிந்து மூன்றாம் நாள் 'மெஷின் நன்றாக ஓடுகிறதா அண்ணா?' என்று ஒரு செய்தி அனுப்பினால், எழுதுகிறவர்கள் அவர்களாகவே எழுதுவார்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் முறையான பில் கொடுக்க முடிகிற கடைக்கே அங்கே வேலை கிடைக்கும்.

கூலி விஷயத்தில் மட்டும் யாரும் கூச வேண்டாம். 'செக்கிங் இலவசம்' என்று போர்டு வைத்துவிட்டு, அந்த நேரத்துக்கான காசை உதிரியின் விலையில் ஏற்றுவதுதான் சந்தேகத்துக்கு வழி. பார்ப்பதற்கு இவ்வளவு, வேலை செய்தால் அது கூலியில் கழிந்துவிடும் என்று சுவரில் எழுதி ஒட்டலாம். உதிரியின் விலையைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் பில்லில் போடலாம். 'இதற்கு மேல் இதில் செலவழிக்காதீர்கள்' என்று சொல்ல வேண்டிய மெஷினுக்கு அப்படியே சொல்லிவிடலாம்.

கொஞ்சம் செலவழித்தால் உயிர் பெறும் பழைய மெஷின்களும் ஊரில் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்கு அவை போய்ச் சேர்ந்தன. அவற்றில் பலவும் இன்று பேட்டரி செத்துப் பரணில் கிடக்கின்றன. ஒரு எஸ்எஸ்டி போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஏற்றினால் தம்பி தங்கைகளுக்கு டைப்பிங் பழகவும் கணக்குப் பார்க்கவும் உதவும். 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மீண்டும் அறிவிப்பு வந்தது. கிராமத்திலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்கு வரும் ஒரு பிள்ளைக்கு அதுதான் வீட்டின் முதல் கம்ப்யூட்டராக இருக்கும். கீல் உடையாமல் எப்படித் திறப்பது, மெத்தை மேல் வைத்து ஓட்டினால் ஏன் சூடாகிறது, வாரன்டி இருக்கும்போது வெளியில் ஏன் திறக்கக் கூடாது, ப்ராஜெக்ட் ஃபைல்களை இன்னோர் இடத்தில் எப்படிச் சேமித்து வைப்பது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பக்கத்து ஊர்க் கல்லூரி முதல்வரைப் பார்த்து, ஒரு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அனுமதி கேளுங்கள். ஜாப் ஷீட் புத்தகத்தையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.