ஒரே பக், ஒரே மாத்திரை… ஏன் வேலை செய்யல?

இன்னைக்கு டீபக் பண்ணப் போறது கோடை இல்ல, கேன்சர் செல்லை. நான் டாக்டர் இல்ல, இன்ஜினியர். அந்தப் பார்வையிலதான் பேசுவேன்.

நம்ம செல்லுக்குள்ள பி-ராஃப்னு ஒரு புரதம் இருக்கு. வெளியிலிருந்து ‘வளரு’ன்னு சிக்னல் வந்தா அதை உள்ளே கடத்துறதுதான் அதோட வேலை. அதுல 600-ஆவது இடத்துல இருக்கிற அமினோ அமிலம் மாறிட்டா, சுவிட்ச் ஆன்லயே மாட்டிக்கும். சிக்னலே வராம செல் பெருகிக்கிட்டே இருக்கும். மெலனோமாங்கிற தோல் புற்றுநோய்ல இது அடிக்கடி பார்க்கிற விஷயம். இதை அடைக்கிற வெமுராஃபெனிப் மாத்திரைக்கு 2011-ல அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இந்த மாற்றம் இருந்து மாத்திரை எடுத்துக்கிட்டவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கிச்சு.

பெருங்குடல் புற்றுநோய்லயும் சிலருக்கு இதே மாற்றம் உண்டு. அதே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தாங்க. பெரும்பாலானவங்களுக்குப் பலனே இல்ல.

ஏன்? 2012-ல நெதர்லாந்து புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துல ரெனே பெர்னார்ட்ஸ் குழு ஒரு வேலை பண்ணாங்க. மருந்து போட்ட குடல் கேன்சர் செல்கள்ல, சிக்னல் கடத்துற ஜீன்களை ஒவ்வொண்ணா அணைச்சுப் பார்த்தாங்க. நாம சர்வீஸை ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்ப்போமே, அதேதான்! இ.ஜி.எஃப்.ஆர். அணைஞ்சதும் மருந்து வேலை செஞ்சது.

அதாவது, பி-ராஃப் ஓடுறப்போ கீழேயிருந்து மேலே ஒரு ஃபீட்பேக் போய், இ.ஜி.எஃப்.ஆரை அடக்கி வைக்குது. பி-ராஃபை அடைச்சா அந்த ஃபீட்பேக்கும் நின்னுடும். இ.ஜி.எஃப்.ஆர். முழிச்சுக்கிட்டு வேற வழியில சிக்னலை அனுப்பும். மெலனோமா செல்கள்ல இ.ஜி.எஃப்.ஆர். ரொம்பக் கம்மி, அதனால அங்க இந்த மாற்றுப்பாதை இல்ல. பக் ஒண்ணுதான், நெட்வொர்க் வேற.

இ.ஜி.எஃப்.ஆரை அடைக்க செடுக்சிமாப் ஏற்கெனவே கையில இருந்தது. அதோட என்கோராஃபெனிப்ங்கிற பி-ராஃப் மருந்தைச் சேர்த்து, 665 பேர் பங்கேற்ற பீக்கான் ஆய்வுல பார்த்தாங்க. வழக்கமான சிகிச்சையில 100-க்கு 2 பேருக்குக் கட்டி சுருங்கிச்சு. இந்தக் கூட்டணியில 20 பேருக்கு. 2020-ல அனுமதி வந்தது. ஆனா சராசரி ஆயுள் 5.4 மாசத்துலேர்ந்து 8.4 மாசம்தான் ஆச்சு. கேன்சர் மறுபடியும் வேற வழி தேடிக்குது. அதனால எனக்கு இதைக் கொண்டாடவும் மனசு வரல, ஒதுக்கவும் முடியல. மூணு மாசம் ஒரு குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லையே.

வீட்ல யாரோட ஜீன் ரிப்போர்ட்டாவது கைக்கு வந்தா, கூகுள்ல தேடி ‘இதுக்குத்தான் மாத்திரை இருக்கே’ன்னு குதிச்சுடாதீங்க. ‘இந்த உறுப்புல இது வேலை செய்யுமா, கூட எதைச் சேர்க்கணும்?’னு டாக்டர்கிட்ட கேளுங்க.