சிறுநீரக நோயாளர்க்கென ஓடும் மகிழ்வோட்டம்

ஓட்டம் இருவகைப்படும். ஒன்று பரிசு கருதி ஓடுவது. மற்றொன்று பிறர்நலங் கருதி ஓடுவது. பவுலடிகளார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தில் உவமையாக எடுத்தாண்டது முன்னதனை. பின்னதற்குப் பெரிதும் ஏற்றது ஆங்கிலத்தார் ‘ஃபன் ரன்’ என வழங்குவது. நாம் அதனை மகிழ்வோட்டம் என்போம். அதில் முதியோரும் சிறாரும் ஒருங்கே கலந்துகொள்ளலாம். ஓட இயலாதார் நடக்கலாம். முந்தினார் பிந்தினார் என்னும் வேற்றுமை இல்லை. ஓடுவோர் தம் உறவினரிடத்தும் நண்பரிடத்தும் பொருளுதவி வேண்டிப் பெற்று, அதனை அறச்செயலொன்றற்கு அளிப்பர். 2006ஆம் ஆண்டு முதல் மார்ச்சுத் திங்களின் இரண்டாம் வியாழக்கிழமை உலகச் சிறுநீரக நாளாகக் கடைப்பிடிக்கப்பெறுகிறது. அதனையொட்டிப் பல நாடுகளில் இத்தகைய ஓட்டங்கள் நிகழ்கின்றன. அவற்றாற் பயன் யாது, ஓட முற்படுவோர் அறியவேண்டுவன யாவை என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சிறுநீரகம் முதுகெலும்பின் இருமருங்கும் பக்கத்திற்கு ஒன்றாக அமைந்த உறுப்பு. விவிலியத் தமிழில் லேவியராகமத்திற் ‘குண்டிக்காய்’ என்றும், சங்கீதத்திற் கடவுள் சோதித்தறியும் ‘உள்ளிந்திரியம்’ என்றும் பெயர்க்கப்பட்டது எபிரேய மொழியில் ஒரே சொல்லாம். மறைந்து நின்று தொழில் செய்யும் உறுப்பாதலின் பின்னைய பெயர் மிகவும் பொருத்தமுடையதே. சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிப்பான்கள் உள. அவை இரண்டிலுமாக நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரைக் குருதியினின்று வடித்து, வேண்டுவதை மீண்டும் குருதியிற் சேர்த்து, ஒன்றரை லிட்டர் அளவினையே கழிவோடு வெளியேற்றுகின்றன. நீரிழிவும் மிகுந்த இரத்த அழுத்தமும் இவ்வடிப்பான்களைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். நோயோ முற்றும்வரை பெரும்பாலும் வலி காட்டாது, குறியும் காட்டாது. சிறுநீரிற் புரதம் கழிகின்றதா, குருதியிற் கிரியாட்டினின் மிகுந்துளதா என்று சோதித்தே அதனை முன்னரே அறிதல் கூடும். ஆதலின் ஊரறிய ஓடும் ஓட்டத்தின் முதற்பயன், மறைந்து நிற்கும் நோயைப் பலர் வாயிலும் பேசச் செய்தலாம்.

இரண்டாம் பயன் பொருள். சிறுநீரகம் முற்றும் செயலற்றார்க்கு டயாலிசிஸ் என்னும் முறையாற் குருதியைத் தூய்மை செய்தலும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்துதலுமே உயிர்காக்கும் வழிகள். 1943ஆம் ஆண்டில், ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தில், காம்பென் என்னும் ஊரில், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் செல்லோபேன் குழாயை உருளையொன்றிற் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் இயற்றினார். முதலில் வந்த நோயாளருட் பலர் இறந்தனர், அவர் தளர்ந்திலர். 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் நினைவிழந்த நிலையினின்று மீண்டு பிழைத்தார். பின்னர் 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர், நோயாளர் கையில் நிலையாக இருத்தற்குரிய குழாயை அமைத்துச் சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தொடர வழிசெய்தார்.

வழி பிறந்தது, பொருள் பிறக்கவில்லை. 1962இல் அந்நகரில் இதற்கென நிலையம் திறந்தபோது இயந்திரங்கள் சிலவே, நோயாளரோ பலர். எவர்க்குச் சிகிச்சை அளிப்பது, எவரை விடுப்பது எனத் தேர்தற்கு ஊர் மக்களுட் சிலர் கொண்ட குழுவொன்று அமர்ந்தது. 1972இல் அந்நாட்டரசு பெரும்பாலார் செலவை ஏற்கச் சட்டம் செய்த பின்னரே அக்கொடுமை நீங்கியது. அறிவு இருந்தும் பொருளின்மையால் உயிர் போதல் எத்துணை இரங்கத்தக்கது!

நம் நாட்டில், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971ஆம் ஆண்டிலேயே சிறுநீரக மாற்றம் வெற்றியுற நிகழ்ந்தது. ஆயினும் மாற்றுறுப்பு எல்லார்க்கும் எளிதிற் கிடைப்பதன்று. டயாலிசிஸ் செய்துகொள்வோர் பெரும்பாலும் வாரத்திற்கு 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் இயந்திரத்தின் அருகே கிடத்தல் வேண்டும். ஆண்டொன்றுக்கு 156 முறை. 624 மணி நேரம். ஏழைகட்கு இதனை இலவசமாக அளிக்க நடுவணரசு 2016இல் திட்டம் வகுத்தது நன்றே. எனினும் வழிச்செலவும், மருந்துச் செலவும், அந்நாட்களில் இழந்த கூலியும் குடும்பத்தின் தலையிலேயே விழும். 1993இல் சென்னையிற் தோன்றிய டேங்கர் அறக்கட்டளை போன்ற நிலையங்கள் நன்கொடையின் துணைகொண்டே வறியவர்க்கு உதவி வருகின்றன.

இனி, ஓட முற்படுவோர்க்குச் சில. 5 கிலோமீட்டர் தூரம் இளைஞர்க்கு அரிதன்று. எனினும் சில வாரங்கள் முன்னரே நடையும் ஓட்டமும் மாறிமாறிப் பழகுதல் நலம். வெயில் ஏறுமுன் ஓடுக. தாகத்திற்கு ஏற்ப நீர் அருந்துக. அளவிறந்து அருந்துதலும் கேடே. உடல்வலிக்கு அஞ்சி ஐபூபுரோஃபென் போன்ற மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஓடற்க. உடலில் நீர் குறைந்த வேளையில் அவை சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதியைக் குறைத்துத் தீங்கு விளைக்கும். பிறர் சிறுநீரகத்திற்கென ஓடுவான் தன் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளுதல் நகைப்பிற்கிடமன்றோ!

பொருள் திரட்டுதலிலும் ஒழுங்கு வேண்டும். 40 மாணவர், ஒவ்வொருவரும் 10 அன்பரிடம் 50 ரூபாய் பெறின் 20,000 ரூபாய் சேரும். அத்தொகையிற் பெரும்பகுதி சட்டைக்கும் பதக்கத்திற்கும் சென்றொழியுமாயின் ஓட்டம் வீண். செலவைச் சுருக்கி, பற்றுச்சீட்டு அளித்து, கணக்கை யாவரும் காண வெளியிடுதல் கடனாகும்.

திருவள்ளுவர் ஈகைக்கு முன்னர் ‘ஒப்புரவறிதல்’ என ஓரதிகாரம் வகுத்தமை நோக்கத்தக்கது. கேட்பவர் வந்து நின்றபின் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்ந்து, அதன் தேவையை அறிந்து செய்வது ஒப்புரவு. இயந்திரத்தின் அருகே கிடப்பார் நம் வாயிலுக்கு வந்து கேட்கமாட்டார். காலும் வலிமையும் பெற்ற மாணவர்காள்! அவர்பொருட்டு நாம் ஒருநாட் காலை ஓடுவோமாக.