உங்களுக்குத் தெரியுமா? குட்டி ரயிலுக்கு வெளிர் வண்ணம்
மலையடிவாரக் குரங்கணியிலிருந்து மலைமேலுள்ள டாப் ஸ்டேஷன் பக்கம் அண்ணாந்து பாருங்கள். பச்சைக் காடு வெளிறிய நீலமாகத் தெரியும். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதே காரணம். சிறுமாதிரி செய்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கிறார்கள். 1/72 அளவு மாதிரியை ஓரடி தள்ளிப் பார்ப்பது, அசலை 72 அடி தள்ளிப் பார்ப்பது போல. அதனால் அசல் வண்ணத்தில் ஏறக்குறைய 15% வெள்ளை கலப்பது பலரின் வழக்கம், 1/48க்கு 10%. கறுப்புக்குப் பதில் அடர்சாம்பல்.

1924 வெள்ளம் அழித்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும், அதே டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலையைக் கோட்டகுடிக்கு இறக்கிய ரோப்வேயும் மாதிரியாக எழ வேண்டியவை! அவற்றைச் செய்வதானால், வெள்ளை, மஞ்சள் பாகங்களுக்கு முதலில் வெள்ளை பிரைமர் அடியுங்கள். இந்த நிறங்கள் அடியிலுள்ளதை எளிதில் மறைக்காது. பிறகு வண்ணத்தை மெல்லியதாக, காயவிட்டு, இரண்டு மூன்று முறை பூசுங்கள்.