கப்போசிப் புற்று

1872-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துத் தோல்நோய் மருத்துவர் மோரிட்ஸ் கப்போசி என்பார், ஐந்து நோயாளரிடம் கண்ட ஒரு புற்றைப் பற்றி எழுதினார். செந்நீலப் புள்ளிகளாய்த் தோன்றிக் கட்டிகளாய்த் தடித்த அந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. கோன் என்னும் தம் குடிப்பெயரை விடுத்து, பிறந்த ஊராகிய ஹங்கேரி நாட்டுக் கப்போஸ்வாரினின்று அவர் ஆக்கிக்கொண்ட பெயரே கப்போசி.

நெடுங்காலம் இது மத்தியதரைக்கடல் நாடுகளில் முதியோரைப் பற்றும் மந்த நோயென்றே கருதப்பட்டது. நடு ஆப்பிரிக்காவிலும் மிகுதியாயிருந்தது. ஆனால், 1981 ஜூலையில் வெளியான அமெரிக்க அரசின் சுகாதார அறிக்கையொன்று, நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 ஆடவர்க்கு இந்நோய் கண்டதென்றும், அவருள் எண்மர் இரண்டாண்டுக்குள் மாண்டனரென்றும் கூறிற்று. அவர்களின் சராசரி வயது 39 தான்! எய்ட்ஸ் நோயின் முதல் அடையாளங்களுள் ஒன்று அது.

எனின், எச்.ஐ.வி. கிருமிதான் இப்புற்றை உண்டாக்குகின்றதா? அன்று. 1994-இல் யுவான் சாங், பாட்ரிக் மூர் என்னும் அறிஞர் இணையர், ஹெர்ப்பீஸ் இனத்து வேறொரு கிருமியே காரணமெனக் கண்டனர். பெரும்பாலும் உமிழ்நீரால் பரவும் அது, நலமுள்ள உடலில் அடங்கியே கிடக்கும். எச்.ஐ.வி., உடலின் காவலராகிய சி.டி.4 அணுக்களை அழித்ததும், அது தலைதூக்கி, குருதிக் குழாய்களின் உட்சுவர் அணுக்களைக் கெடுக்கின்றது. மாற்றுச் சிறுநீரகம் பெற்று எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துண்போர்க்கும் இப்புற்று வருவதும், அம்மருந்தைக் குறைத்தால் பலர்க்குத் தணிவதும் இதற்குச் சான்று.

ஆகவே காவலை மீட்பதே முதல் மருத்துவம். 1996 முதல் வழக்கிற்கு வந்த எச்.ஐ.வி. கூட்டு மருந்துகளாலேயே பலர்க்குப் புள்ளிகள் மங்கி மறைகின்றன. நுரையீரலிலோ குடலிலோ பரவினால் புற்று மருந்தும் வேண்டும்.

நம்மனோர் கருத வேண்டியது ஒன்றுண்டு. நூல்களில் காணும் செந்நீலப் படங்கள் பெரும்பாலும் வெள்ளையர் தோலில் எடுத்தவை. கருந்தோலில் அப்புள்ளி பழுப்பாகவோ கறுப்பாகவோ தோன்றும். பெரும்பாலும் வலியில்லை, அரிப்பில்லை. அடிபட்ட தழும்பென்று விட்டுவிடுதல் எளிது. வாயின் மேலண்ணத்தில் பல் மருத்துவரே முதலிற் காண்பதும் உண்டு. சதைத்துணுக்கெடுத்துச் சோதித்தே நோயை உறுதி செய்வர்.

எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய முதற் சில வாரங்களிலோ மாதங்களிலோ சிலர்க்குப் புள்ளிகள் முன்னினும் பெருகும். உறங்கிய காவலன் திடுமென விழித்து ஆரவாரஞ் செய்வது போன்றது அது. மருந்தே கெடுத்ததென்றெண்ணித் தாமே நிறுத்திவிடுவோர் உளர். நிறுத்தினால் காவலன் மீண்டும் உறங்கிவிடுவான். உடனே மருத்துவரிடம் காட்டின், அவர் அம்மருந்தோடு புற்று மருந்தும் சேர்த்துத் தருவார்.