மாடிப்படியில் விழுந்து இறந்தார் காபிக்கடை லீனா. பாட்டை நிறுத்த விடவில்லை ஊர் ஜனங்கள்!

அமெரிக்காவில் சரடோகா ஸ்பிரிங்ஸ் என்று ஒரு ஊர். நியூயார்க் நகரத்தில் இருந்து வடக்கே சுமார் 300 கிலோ மீட்டர். குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன இடம். பந்தய சீசனில் பணக்காரக் கூட்டம் மொய்க்கும்.

அந்த ஊரில் பைலா தெருவில் ஒரு பழைய கட்டிடம். மாடியில் சின்னதாக ஒரு காபிக்கடை. பெயர் "கபே லீனா". காபி குடிக்க வந்தவர்கள் பாட்டும் கேட்டுவிட்டுப் போகலாம். மேடை என்றால் பெரிய மேடை இல்லை. பாடகர் கையை நீட்டினால் முன் மேஜையைத் தொட்டுவிடலாம். அவ்வளவு நெருக்கம்!

1960-ம் ஆண்டு மே மாதம் திறந்த கடை. இன்றும் பாட்டு ஓயவில்லை. அமெரிக்காவில் தொடர்ந்து நடந்துவரும் நாட்டுப்பாடல் காபிக்கடைகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள்.

ஆனால் இந்தக் கடை தப்பிப் பிழைத்தது சும்மா இல்லை. ஒரு பெண்ணின் உயிரே இதில் போயிருக்கிறது!

போட்ட கணக்கு வேறு

அந்தப் பெண்தான் லீனா ஸ்பென்சர். இத்தாலியில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் 1923-ல் பிறந்தவர். கணவர் பில் ஸ்பென்சர், சிற்பி.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். கொஞ்ச வருஷம் காபிக்கடை நடத்துவது. கையில் நாலு காசு சேர்ந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்விடுவது. ஊரில் ஸ்கிட்மோர் என்று ஒரு பெண்கள் கல்லூரி இருந்தது. மாணவிகள் வருவார்கள், வியாபாரம் சூடு பிடிக்கும் என்று நம்பினார்கள்.

கூட்டம் வந்தது. காசுதான் சேரவில்லை!

கூச்சல் போட்ட கூட்டம்

1961-ல் ஒரு வாலிபர் கிதாருடன் வந்து மேடை ஏறினார். 20 வயசுதான் இருக்கும். யாரும் அவர் பாட்டைக் கவனிக்கவில்லை. சளசளவென்று பேசிக்கொண்டே இருந்தார்கள்.

பில் ஸ்பென்சருக்குப் பொறுக்கவில்லை. மேடை ஏறி, வாயை மூடிக்கொண்டு பாட்டைக் கேளுங்கள் என்று கூட்டத்தைக் கண்டித்தார்.

அந்த வாலிபர் யார் தெரியுமா? பாப் டிலன்! 2016-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கினாரே, அவரேதான்.

கணவர் போனார், கடை நின்றது

சில வருஷங்களிலேயே குடும்பத்தில் இடி விழுந்தது. பில் ஸ்பென்சர் மனைவியை விட்டுப் பிரிந்து போய்விட்டார். ஐரோப்பாக் கனவும் அதோடு போச்சு.

வேறு ஆளாக இருந்தால் கடையை இழுத்துச் சாத்தியிருப்பார்கள். லீனா சாத்தவில்லை. தனி ஆளாக நின்றார். மதுபானம் விற்றால் லாபம் கொட்டும். அதையும் தொடவில்லை. காபி, டீ, பலகாரம், பாட்டு. அவ்வளவுதான்.

விளைவு? எப்போதும் பணமுடை. கடன் கழுத்தை நெரிக்கும்போதெல்லாம் பாடகர்களே உதவிக் கச்சேரி நடத்திக் கைகொடுத்தார்கள். காரணம் இருக்கிறது. பேர் தெரியாத காலத்தில் அவர்களுக்கு மேடை கொடுத்து, தன் வீட்டிலேயே படுக்க இடம் கொடுத்தவர் லீனா. டான் மெக்லீன், ஆர்லோ கத்ரி போன்றவர்கள் எல்லாம் இந்த மாடிப்படி ஏறி வந்தவர்கள்தான்.

படியில் விபரீதம்

29 வருஷம் லீனா தினமும் ஏறி இறங்கிய படி அது. 1989-ல் அதே படியில் தவறி விழுந்தார். பலத்த அடி. மீண்டு எழவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார். வயது 66.

கடையின் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வாரிசாக வந்து நின்றவர்கள் யார்? நண்பர்களும் வாடிக்கையாளர்களும்!

லாப நோக்கம் இல்லாத அமைப்பாகக் கடையை மாற்றினார்கள். வாடகைக்கு இருந்த கட்டிடத்தையே அந்த அமைப்பு விலைக்கு வாங்கியது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் பலர் வேலை செய்தார்கள்.

2016-ல் நன்கொடை திரட்டிக் கட்டிடத்தைப் புதுப்பித்தார்கள். இப்போது சுமார் 110 பேர் உட்காரலாம். மாடிக்குப் போக லிப்டும் வைத்தார்கள். வயசானவர்களும், நடக்க முடியாதவர்களும் இனி படியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

2020-ல் கொரோனா வந்தது. கதவைப் பூட்ட வேண்டியதாயிற்று. அப்போதும் விடவில்லை. பாடகர்கள் பாடினார்கள், இன்டர்நெட் வழியாக ஜனங்கள் வீட்டில் இருந்தே கேட்டார்கள்.

காசு சேர்த்துக்கொண்டு ஊரை விட்டே போக நினைத்துத் திறந்த கடை. காசும் சேரவில்லை, லீனாவும் போகவில்லை. சாகும்வரை அங்கேயே இருந்தார். அவர் போன பிறகும் பெயர்ப் பலகையில் அவர் பெயர்தான் இருக்கிறது.